வளையட்டும் விடுங்க, அதுக்குத்தானே பம்பர்!

ஞாயித்துக்கிழமை காலைல ஏழு மணிக்கு கிரைண்டர் சத்தம். நம்ம வீட்டு மிக்ஸி கிரைண்டர் இல்லைங்க, இரும்பு தேய்க்கிற ஆங்கிள் கிரைண்டர். பத்துபஸ்தியில மழை விட்டு வெயில் எட்டிப் பாக்கிற ஒரே நாள்ல, மனுஷன் இன்னும் ஒரு மணி நேரம் தூங்கலாம்னு நினைச்சா பக்கத்து வீட்டு ஷெட்டுல தீபாவளி கொண்டாடுறாங்க. "போய்ப் பாருங்க, உங்க சிஷ்யப்பிள்ளைங்கதான்"னு தங்கமணி காப்பியைக் கைல குடுத்து அனுப்பி வச்சாங்க.

கொஞ்ச நாளா இந்தப் பக்கம் எழுதலை. புதுசா வந்தவங்களுக்கு ஒரு அறிமுகம்: ஊரு கோவில்பட்டி, பொழப்பு எந்திரப் பராமரிப்பு, இருப்பு அந்தமான். போர்ட் பிளேர் பேரை 2024 செப்டம்பர்ல ஸ்ரீ விஜய புரம்னு மாத்திட்டாங்க, ஆனா நம்ம வாய்க்கு இன்னும் போர்ட் பிளேர்தான். பஸ்தின்னா குடியிருப்பு. தெருவுல நாலு வீட்டுக்கு நாலு பாஷை, எல்லாரும் சண்டை போடறது மட்டும் இந்தியில :-)

பக்கத்து வீட்டுக்காரர் பரமக்குடிப் பக்கம். என்னை "அண்ணே"ம்பார். அவர் மூத்த பையன் டிப்ளமோ படிக்கிறான், மெக்கானிக்கல். அவனும் ரெண்டு சேக்காளிங்களும் ஆறு மாசமா ஒரு பக்கி வண்டி கட்டிக்கிட்டு இருக்காங்க. பழைய ஆட்டோ ஒண்ணைக் காயலான் விலைக்கு வாங்கி, அதோட இன்ஜினையும் கியர்பாக்ஸையும் பின்னாடி வச்சு, குழாய்ல கூடு கட்டி, ஒத்தை சீட்டு போட்டு... பாக்க நல்லாவே வந்திருக்கு. இதைக் கெடுக்கணும்னு எனக்கு ஆசை இல்லை. நம்ம பிள்ளைங்க மார்க் ஷீட்டைத் தவிர வேற எதையாவது கையால செஞ்சா அதுவே பெரிய விஷயம்னு நினைக்கிற கட்சி நான்.

அன்னிக்கு முன்னாடி பம்பர் வச்சு முடிச்சிருந்தாங்க. ரெண்டு இன்ச் ஜி.ஐ. குழாய், வீட்டுக்குத் தண்ணி லைன் போடுவாங்களே அதே குழாய். குறுக்க ரெண்டு, நெடுக்க நாலு, கூட்டுச் சட்டத்தோட நேரா வெல்டிங். பையன் அதுமேல ஏறி நின்னு குதிச்சுக் காட்டினான்.

"ஏக்தம் பக்கா மாமா! லாரி மேல மோதினாலும் இது வளையாது."

அவங்க அப்பா முகத்துல பெருமை தாங்கலை. "பிள்ளை உயிருக்குப் பாதுகாப்பா இருக்கணும்ல அண்ணே, நான்தான் நல்ல கெட்டியாப் போடச் சொன்னேன்"னார்.

எனக்கு காப்பி கசந்துச்சு. ஏன்னா அதே வார்த்தையை இருபது வருஷம் முன்னாடி நானும் சொல்லியிருக்கேன்.

2004-ல ஊர்ல இருந்தப்ப நானும் மச்சானும் சேந்து ஒரு பழைய ஜீப் வாங்கினோம். வாங்கின மறுநாளே பட்டறைக்கு ஓட்டிட்டுப் போயி முன்னாடி ஒரு கார்டு அடிச்சோம். பட்டறை அண்ணாச்சி "இது போதும் தம்பி"ன்னு ஒரு குழாயை எடுத்துக் காட்டினார். நான்தான், இன்ஜினியரிங் படிச்ச மேதாவி, "இல்ல அண்ணாச்சி, இதைவிடத் தடியாப் போடுங்க"ன்னேன். கார்டு வச்ச பிறகு அந்த ஜீப்பைப் பாத்தா பஸ்காரனே ஒதுங்கிப் போவான்னு எங்களுக்கு நினைப்பு.

மூணு மாசம் கழிச்சு எட்டயபுரம் ரோட்டுல ஆட்டுக்குட்டி ஒண்ணு குறுக்க வந்துச்சு. ஒடிச்சேன். வண்டி இறங்கிப் போயி புளியமரத்துல முட்டி நின்னுச்சு. வேகம் ஒண்ணும் பெருசில்லை, பிரேக் போட்டுக் குறைஞ்ச வேகம்தான். கீழ இறங்கிப் பாத்தா கார்டுல பெயிண்ட் மட்டும் உரிஞ்சிருக்கு. ஒரு நெளிவு இல்லை. ஆனா பக்கத்து சீட்டுல இருந்த மச்சானுக்குக் காறை எலும்பு முறிஞ்சு, முன்பல் ரெண்டு போச்சு. பெல்ட் போடலை, அந்த ஜீப்புல பெல்ட்டே இல்லை. வந்து பாத்த அத்தனை பேரும் சொன்னது ஒண்ணுதான்: "நல்லவேளை, கார்டு இருந்துச்சு, காப்பாத்திருச்சு."

நானும் ரொம்ப நாள் அதை நம்பினேன். ஜீப்பை மறுபடி எடுத்து ஓட்டினப்ப ஸ்டியரிங் ஒரு பக்கமா இழுத்துது. தூக்கிப் பாத்தா சேசிஸ் முன்பக்கம் கோணியிருக்கு. அப்பத்தான் உறைச்சுது. கார்டு வளையலைன்னா மோதின அடி எங்கயும் மறைஞ்சு போகலை. கார்டு வாங்கி சேசிஸ்கிட்ட குடுத்துச்சு, சேசிஸ் மிச்சத்தை மச்சானோட தோளுக்குக் குடுத்துச்சு. நான் காசு குடுத்து அடிச்ச கார்டு தன்னைத்தான் காப்பாத்திக்கிச்சு.

இந்தக் கதையைப் பையன்கள்கிட்ட சொன்னேன். கேட்டுக்கிட்டாங்க. ஆனா மூஞ்சில "பெருசு புலம்புது"ன்னு எழுதியிருந்துச்சு. சரி, கதை வேண்டாம், கணக்குப் போடுவோம்னு ஷெட்டுச் சுவத்துல சாக்பீஸை எடுத்தேன். நீங்களும் கூட வாங்க, எட்டாம் வகுப்புக் கணக்குதான்.

வண்டி 260 கிலோ, ஓட்டறவன் 60 கிலோ, மொத்தம் 320. மணிக்கு 20 கி.மீ. வேகத்துல தென்னை மரத்துல மோதுறதா வச்சுக்குவோம். இருபதுன்னா சைக்கிள் வேகம்தானேன்னு தோணும். ஆனா ஒன்றரை மீட்டர் உயரத்துலேருந்து கீழ விழுந்தா தரையைத் தொடும்போது இருக்கிற வேகம் அது. அந்த உயரத்துலேருந்து சிமெண்டுத் தரையில விழறதும் வைக்கோல் போர்ல விழறதும் ஒண்ணா? விழற உயரம் ஒண்ணுதான். நிக்கிறதுக்குக் கிடைக்கிற தூரம்தான் வேற.

வளையாத பம்பரை வச்சா, மரப்பட்டை நசுங்கறது, சட்டம் நெளியறது எல்லாம் சேத்து அஞ்சு செ.மீ.ல வண்டி நிக்குதுன்னு வைங்க. பெல்ட் போட்டு வண்டியோட சேந்து நிக்கிற பையன் மேல விழற அடி அவன் எடையைப் போல 31 மடங்கு. ஏறக்குறைய 1,900 கிலோ. அதே வேகம், அதே மரம், ஆனா முன்னாடி இருக்கறது 14 செ.மீ. நசுங்கிக் குடுத்தா 11 மடங்கு. 700 கிலோவுக்குள்ள. வேற எதையும் மாத்தலை, ஒரு சாண்கூட இல்லை, ஒன்பது செ.மீ. தூரம் அவ்வளவு வேலை செய்யுது.

வேகத்தை 40 ஆக்கினா சக்தி ரெண்டு மடங்கு ஆகாது, நாலு மடங்கு. ஆறு மீட்டர் உயரம், அதாவது ரெண்டு மாடி. அதுக்கு எந்த வீட்டுப் பம்பரும் தாங்காது. அங்க கூடு, பெல்ட், ஹெல்மெட், எல்லாத்துக்கும் மேல கால் பிரேக்குல இருக்கறது, இதுங்கதான் கணக்கு. பம்பரை நம்பி வேகம் போறவன்கிட்ட இதைச் சொல்லிடணும்.

இது என் சொந்த ஞானம் இல்லைங்க. பென்ஸ் கம்பெனியில பேலா பாரேனின்னு ஒரு இன்ஜினியர் 1950-களிலேயே இதைச் சொல்லி உரிமமும் வாங்கிட்டார். ஆள் உக்கார்ற நடுப்பகுதி கெட்டியா இருக்கணும், முன்னும் பின்னும் நசுங்கணும். 1959-ல வந்த பென்ஸ் காரு ஒண்ணுல அதை நடைமுறைப்படுத்தினாங்க. அதுக்கு முன்னாடி உலகம் பூரா எங்க பட்டறை அண்ணாச்சி மாதிரியும் என்னை மாதிரியும்தான் யோசிச்சிருக்கு. அமெரிக்காவுல 1973 மாடல் கார்கள்லேருந்து முன்பம்பர் மணிக்கு 5 மைல், அதாவது 8 கி.மீ. வேகத்துல முட்டினா லைட்டு, பெட்ரோல் டேங்க் மாதிரி முக்கியமான சாமான்கள் கெடக்கூடாதுன்னு சட்டம் போட்டாங்க. கவனிங்க, எட்டு கி.மீ. சட்டப்படி பம்பர்கிட்ட எதிர்பாத்ததே அவ்வளவுதான். லாரியோட மல்லுக்கட்டறதுக்கு எவனும் பம்பர் செய்யலை.

பக்கின்னதும் பையன்கள் போன்ல எடுத்துக் காட்டினது மேயர்ஸ் மேங்க்ஸ் படம். 1964-ல கலிஃபோர்னியாவுல புரூஸ் மேயர்ஸ், ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரோட பாகங்களை வச்சு ஃபைபர் உடம்பு போட்டுக் கட்டின வண்டி. அந்த வண்டி பேர் வாங்கினதே எடை இல்லாததாலதான். மணல்ல மத்த வண்டியெல்லாம் புதையும்போது இது மேலயே ஓடுச்சு. அதுல போயி இருபது கிலோ தண்ணிக் குழாயை யாராவது முன்னாடி கட்டுவாங்களா?

நம்ம நாட்டுக் கணக்கு வேணும்னா பாஹா இருக்கு. அமெரிக்காவுல 1976-ல காலேஜ் பசங்களுக்காக ஆரம்பிச்ச போட்டி, எஸ்.ஏ.இ. இந்தியா 2007-ல இந்தோர் பக்கத்துப் பீத்தம்பூர்ல நடத்த ஆரம்பிச்சாங்க. தமிழ்நாட்டுக் காலேஜ்லேருந்தும் வருஷா வருஷம் பசங்க வண்டியை லாரியில ஏத்திக்கிட்டு வடக்க போறாங்க. அங்க விதிப் புத்தகம் எதுல கண்டிப்பா இருக்குன்னு பாருங்க. ஓட்டறவனைச் சுத்தி இருக்கிற கூட்டுக்குக் குழாய் 25 மி.மீ. வெளிவிட்டம், 3 மி.மீ. தடிமன், குறைஞ்சது 0.18 சதவீதம் கார்பன், இல்லேன்னா அதுக்கு இணையா கணக்குக் காட்டணும். கெட்டி வேண்டிய இடம் அது. நம்ம பையன்கள் தலைகீழாப் பண்ணியிருந்தாங்க. தலைக்கு மேல மெல்லிசுக் குழாய், மூக்குல தண்டவாளம்.

இந்த எடை விஷயம் அவங்களுக்கு உறைச்ச மாதிரி வேற எதுவும் உறைக்கலை. ரெண்டு இன்ச் குழாய் மீட்டருக்கு ஏறக்குறைய அஞ்சு கிலோ. நாலு மீட்டர், அப்புறம் பிளேட்டு அது இதுன்னு 24 கிலோ. அது முன் சக்கரத்துக்கும் 45 செ.மீ. முன்னால தொங்குது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையில 180 செ.மீ. தராசு மாதிரிதான் இது. முன்னால தொங்கற 24 கிலோ முன் சக்கரத்துல 30 கிலோவா உக்காரும், பின் சக்கரத்துலேருந்து 6 கிலோவைத் தூக்கும். இன்ஜின் இழுக்கறது பின் சக்கரம். அந்தமான் சேத்துல அதுக்கு இருக்கற பிடிப்பையும் இவங்களே எடுத்து வெளிய போட்டாங்க. "அதான் மாமா, பம்பர் வச்சதுக்கப்புறம் மேட்டுல ஏற மாட்டேங்குது"ன்னான் சின்னவன். உயிர் போகும்னு சொன்னப்ப அசையாத பய, வண்டி மேடு ஏறாதுன்னதும் எழுந்து உக்காந்துட்டான் :-)

இன்னொண்ணு, அப்பாமாருங்க கவனிக்கணும். ஜி.ஐ. குழாய்ல மேல துத்தநாகப் பூச்சு. அதைத் தேய்க்காம அப்படியே வெல்டிங் அடிச்சா வெள்ளைப் புகை வரும். அதைச் சுவாசிச்சா ராத்திரி குளிர் காய்ச்சல் அடிக்கும். பையனுக்கு முந்தின வாரம் வந்த "வைரல் ஃபீவர்" அதுவாத்தான் இருக்கும்னு எனக்கு சந்தேகம். பால் குடிச்சா சரியாயிரும்னு பட்டறையில ஒரு நம்பிக்கை உண்டு. பால் குடிச்சா பால் குடிச்ச மாதிரி இருக்கும், அவ்வளவுதான். பூச்சைத் தேய்ச்சு எடுத்துட்டு, காத்தோட்டமா வெளிய வச்சு அடிக்கணும். அல்லது அந்தக் குழாயையே தொடக்கூடாது.

சரி, குத்தம் சொல்ல எல்லாராலயும் முடியும். "அப்ப என்னதான் வைக்கிறது, சொல்லுங்க"ன்னு அவங்க அப்பா கொஞ்சம் கோவமாவே கேட்டார். நியாயம்தான். ரெண்டு ஞாயிறு உக்காந்து செஞ்சோம்.

நான் சொன்னது ஒரே ஒரு வரிசை. முதல்ல நசுங்க வேண்டியது எது, கடைசியில நசுங்க வேண்டியது எது? முதல்ல பம்பருக்குப் பின்னாடி இருக்கிற ரெண்டு கை. அப்புறம் குறுக்குச் சட்டம். அப்புறம் வண்டியோட மூக்கு. கால் இருக்கிற இடமும் கூடும் கடைசி வரைக்கும் நசுங்கக்கூடாது. இந்த வரிசை மாறினா அது பம்பர் இல்லை, கடப்பாரை.

கைக்கு எடுத்தது ஹார்டுவேர் கடையில ஜன்னல் கிரில்லுக்கு விக்கிற ஸ்கொயர் டியூப். 50-க்கு 50, 18 கேஜ், அதாவது 1.2 மி.மீ. தகடு. இருபது செ.மீ. நீளத்துல ரெண்டு துண்டு, வண்டி ஓடற திசையில நீட்டி வச்சு. இந்த மாதிரி சதுர டியூபை நுனியில அமுக்கினா ஆர்மோனியப் பெட்டித் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பா உள்ள போகும். ஒரு மடிப்பு, அடுத்த மடிப்புன்னு போகும்போது ஒரே சீரான எதிர்ப்பு குடுக்கும். கணக்குப்படி இந்த அளவு டியூபுக்கு ஏறக்குறைய 1.8 டன். ரெண்டு சேந்து 3.6 டன். நீளத்துல முக்கால் பங்குக்குக் கொஞ்சம் கம்மியாத்தான் நசுங்கும், அதுக்கப்புறம் மடிப்பெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கட்டியாயிரும். அப்ப 14 செ.மீ. கிடைக்குது. மேல போட்ட 20 கி.மீ. கணக்குக்குச் சரியா வந்துருச்சு. தகடு தடிமனை 3 மி.மீ. ஆக்கினா எதிர்ப்பு நாலு மடங்குக்கு மேல ஏறி, டியூப் நசுங்கறதுக்கு முன்னாடி சட்டம் நசுங்க ஆரம்பிச்சிரும். அதனாலதான் கடைக்காரர் "இது சின்னது தம்பி, தடியா ஒண்ணு இருக்கு"ன்னு சொன்னப்ப நான் வேண்டாம்னேன். இருபது வருஷம் லேட்டு.

ஒரு சிக்கல் இருக்கு. முதல் மடிப்பு விழறதுக்கு மட்டும் விசை ரொம்ப அதிகம் வேணும். வேலை செய்யற இடத்துல பேரிங் அழுத்தற ஹைட்ராலிக் பிரஸ் இருக்கு. அனுமதி வாங்கிட்டு ஒரு துண்டை வச்சு அமுக்கிப் பாத்தேன். முள்ளு அஞ்சு டன்னைத் தாண்டிப் போயி, "டப்"னு ஒரு சத்தம், அப்புறம் ரெண்டு டன் பக்கத்துல இறங்கி ஆடிக்கிட்டே நின்னுச்சு. அந்த முதல் அடிதான் கழுத்தைச் சுண்டற அடி. அடுத்த துண்டுல முன்நுனிலேருந்து ரெண்டு செ.மீ. தள்ளி, எதிரெதிர் முகத்துல உள்பக்கமாவும் மத்த ரெண்டு முகத்துல வெளிப்பக்கமாவும் லேசா ஒரு பள்ளம் மேடு தட்டி வச்சோம். இந்தத் தடவை மூணு டன்லயே மடிய ஆரம்பிச்சிருச்சு. இரும்புக்கும் எங்க மடியணும்னு முன்னாடியே சொல்லி வைக்கணும் போல. பையன் அந்த நசுங்கின துண்டை வீட்டுல டி.வி. மேல வச்சிருக்கான். அவங்க அம்மாவுக்குத்தான் புரியலை.

குறுக்குச் சட்டம் மெல்லிசா இருக்கக்கூடாது. இருந்தா மரம் நடுவுல மோதும்போது சட்டம் வில்லா வளைஞ்சு, ரெண்டு கையும் நசுங்காம பக்கவாட்டுல மடங்கிரும். அதனால 50-க்கு 50, 3 மி.மீ. பெட்டிச் சட்டம், 60 செ.மீ. நீளம். ரெண்டு கைக்கும் நடுவுல 30 செ.மீ.தான் இடைவெளி, ஏன்னா கை ரெண்டும் தள்ளிப் போகப் போகச் சட்டம் இன்னும் தடியா வேணும். கைங்க வந்து சேர்ற இடம் கூட்டோட கீழ்க் குழாய் ரெண்டுக்கும் நேர் எதிர்ல. வெறும் தகட்டுல கொண்டு போயி ஒட்டினா அது குத்திக்கிட்டு உள்ள போயி காலை வாங்கிரும். எல்லாம் போல்ட், வெல்டிங் கிடையாது. நசுங்கினா கழட்டி எறிஞ்சிட்டு இருபது செ.மீ. டியூப் வெட்டி மாட்டிக்கலாம். பின்னாடி மூடின மாதிரி மேல ஒரு வளைவுக் குழாய், லைட்டு வைக்க. மொத்தம் ஏழு கிலோ.

கயிறு கட்டி இழுக்கிற கொக்கியை மட்டும் பம்பர்ல வைக்கலை, கூட்டுச் சட்டத்துல வச்சோம். சேத்துல மாட்டினா எல்லாரும் பம்பரைப் பிடிச்சுத்தான் இழுப்பாங்க, அது அதுக்காகச் செஞ்சது இல்லை. கீழ் விளிம்பைப் படகு மாதிரி மேல்நோக்கிச் சாய்ச்சோம், வேர்ல குத்தி நிக்காம ஏறிப் போகட்டும்னு. டியூப் வாயெல்லாம் மூடி, அடியில ஒரு சின்ன ஓட்டை, தண்ணி வடிய. இங்க வருஷத்துக்கு 3,000 மி.மீ. அளவுக்கு மழை, மிச்ச நாளெல்லாம் உப்புக் காத்து. 1.2 மி.மீ. தகடு உள்ளாற துருப்பிடிச்சா வெளிய பெயிண்ட் பளபளன்னு இருக்கும்போதே உள்ள அப்பளமாயிருக்கும். ரெட் ஆக்ஸைடு அடிச்சு, வருஷம் ஒரு தடவை கழட்டிப் பாக்கணும்னு எழுதி ஒட்டியிருக்கேன். பாப்பாங்களான்னு கேக்காதீங்க.

திறந்த குழாய் வாயைப் பத்தித் தனியாச் சொல்லணும். பழைய பம்பர்ல ரெண்டு ஓரத்துலயும் குழாய் வெட்டின மேனிக்கு நீட்டிக்கிட்டு இருந்துச்சு. பக்கத்துல விளையாடற அஞ்சு வயசுப் பிள்ளையோட நெஞ்சு உயரம் சரியா அது. பம்பர்னா உள்ள இருக்கவனுக்கு மட்டும்னு நினைக்கிறோம். முன்னாடி நிக்கிறவனுக்கும் அது சொந்தம்.

நம்ம ரோட்டுல ஓடற கார், ஜீப் கதையும் இதுதான். 2017 டிசம்பர்ல மத்தியப் போக்குவரத்து அமைச்சகம், இந்த கார்டு மாட்டறது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுக்கு விரோதம், நடவடிக்கை எடுங்கன்னு மாநிலங்களுக்கெல்லாம் எழுதினாங்க. வண்டியில இருக்கிறவங்களுக்கும் ரோட்டுல நடக்கிறவங்களுக்கும் ஆபத்துன்னு காரணமும் சொன்னாங்க. உள்ள காத்துப் பை இருக்கிற வண்டியில, முன்பக்கம் எப்படி நசுங்குதுங்கறதை வச்சுத்தான் பை விரியணுமா வேண்டாமான்னு முடிவாகுது. கம்பெனிக்காரன் அந்த நசுங்கலைக் கணக்குப் பண்ணி மோதிப் பாத்து வித்த வண்டியில, நாம ஒரு இரும்புக் கதவை மாட்டி அந்தக் கணக்கைக் கெடுக்கறோம். அப்பவும் ஊருக்குப் போகும்போதெல்லாம் பாக்கறேன், புது வண்டிக்கு எலுமிச்சம்பழம் நசுக்கின கையோட கார்டு மாட்டத்தான் போறாங்க. எலுமிச்சம்பழத்துக்காவது நசுங்கணும்னு தெரிஞ்சிருக்கு.

"அவங்க அவங்க வண்டி, அவங்க அவங்க காசு"ன்னு சிலர் சொல்றாங்க. ஊர்ல இருந்தா நானும் ஒருவேளை விட்டிருப்பேன். இங்க விட முடியலை. பெரிய அடின்னா சென்னைக்கு விமானத்துல தூக்கிட்டுப் போகணும், ரெண்டு மணி நேரம், டிக்கெட்டு கிடைக்கணும், வானிலை நல்லா இருக்கணும். கப்பல்னா மூணு நாள். கூட நிக்கச் சித்தப்பா பெரியப்பா கிடையாது, ரத்தம் குடுக்க ஊர்க்காரன் கிடையாது, அக்கம்பக்கம்தான் எல்லாம். வெளியூர்ல பிள்ளை வளர்க்கிற எல்லாருக்கும் இது தெரியும். துபாய்ல இருந்தாலும் பத்துபஸ்தியில இருந்தாலும், ராத்திரி பிள்ளை வண்டிச் சத்தம் வாசல்ல கேக்கற வரைக்கும் தூக்கம் வராது. அந்த பயத்துலதான் "கெட்டியாப் போடு"ங்கறோம். பரமக்குடிக்காரர் மேல எனக்குக் கோவமே இல்லை. நான் போட்ட கார்டும் பயத்துல போட்டதுதான், அதுமேல கொஞ்சம் பந்தா.

முக்கியமான சங்கதி: இந்த வண்டி ரோட்டுக்குப் போகாது. வீட்டுல கட்டின வண்டிக்கு நம்ம நாட்டுல நம்பர் வாங்க வழி கிட்டத்தட்ட இல்லை. மாடலுக்கே அரசாங்கம் அங்கீகரிச்ச சோதனைக் கூடத்துல சான்று வேணும், அது கம்பெனிங்களுக்கான வேலை. நம்பர் இல்லேன்னா இன்சூரன்ஸ் இல்லை. கடற்கரைக்கும் கூடாதுன்னுட்டேன், பசங்களுக்கு அதுல ரொம்ப வருத்தம். இந்தத் தீவுக் கரையில ஆமை முட்டை இட்டுப் புதைச்சிட்டுப் போகுது, மேல சக்கரம் ஏறினா முடிஞ்சது. தெரிஞ்சவர் ஒருத்தரோட பாக்குத் தோப்புல சுத்திக்க அனுமதி வாங்கியாச்சு. ஹெல்மெட், தோள் ரெண்டுக்கும் பட்டை வர்ற பெல்ட், ஒரு ஆள் மட்டும். பெல்ட் மாட்டின இடத்தை நான் மூணு தடவை ஆட்டிப் பாத்தேன். பம்பரைப் பத்தி இவ்வளவு எழுதிட்டேன், ஆனா ஒண்ணுதான் வாங்க முடியும்னா நல்ல பெல்ட்டை வாங்குங்க.

போன வாரம் ஓடிப் பாத்தாங்க. நான் போகலை, வேலை. ராத்திரி அவங்க அப்பா முறைப்போட வந்தார். "என்ன அண்ணே, நீங்க சொன்ன பம்பர் முதல் நாளே கோணிப் போச்சே. தோப்புல ஒரு அடிக்கட்டைல லேசா இடிச்சான். பழசு இருந்திருந்தா ஒரு கீறல் விழுந்திருக்காது."

டார்ச் எடுத்துக்கிட்டுப் போயிப் பாத்தேன். ரெண்டு கையும் நாலு செ.மீ. உள்ள போயிருந்துச்சு, மடிப்பு நாங்க தட்டி வச்ச பள்ளத்துல அளவெடுத்த மாதிரி. மனசுக்குள்ள கணக்குப் போட்டேன், பதினொரு கி.மீ. வேகம் இருக்கும். குறுக்குச் சட்டம் நேரா இருக்கு, கூட்டுல ஒரு நெளிவு இல்லை. பையன் திண்ணையில உக்காந்து பரோட்டா சாப்பிட்டுக்கிட்டு இருந்தான். தோளைத் தொட்டு அமுக்கிப் பாத்தேன். "என்ன மாமா?"ன்னான். ஒண்ணுமில்லைடான்னேன்.

"மாமா, அந்த டியூப்ல மிச்சம் ரெண்டு அடி உங்க வீட்டுல கிடந்துச்சுல்ல? ஞாயித்துக்கிழமை வந்து வெட்டிக்கவா?"

"எட்டு மணிக்கு மேல வா"ன்னு சொல்லிட்டு வந்தேன்.